மேல் இறக்கையில் மூன்று மில்லிமீட்டர்

என் அக்கா கணவருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. முழுதாகப் போவதற்குள், தன் கையால் கட்டிய விமானம் ஒன்று வானத்தில் பறப்பதை அவர் பார்க்க வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான். அதைப் பறக்கவிட வேண்டியவன் நான். எனக்கு அந்த மாதிரி விமானத்தை ஓட்டத் தெரியாது. தெரியும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

எண்பதுகளின் நடுவில் நான் பம்பாயில், மாட்டுங்காவில் இருந்தேன். செம்பூரில் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்ட்ருமென்ட் என்ஜினீயர். அக்காவும் அத்திம்பேரும் இருந்த வீடும் செம்பூரில்தான், ரயில்வே ஸ்டேஷனுக்குக் கிழக்கே ஒரு காலனியில் முதல் மாடி. வாரத்தில் இரண்டு மூன்று நாள் வேலை முடிந்து அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு, வடாலாவில் வண்டி மாறி கிங்ஸ் சர்க்கிளில் இறங்கி வீட்டுக்குப் போவேன். அத்திம்பேர் ஒரு கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். பாய்லர்களுக்கும் குழாய்களுக்கும் வரைபடம் போடுகிறவர். அவர் இழுத்த கோட்டை அழித்துத் திருத்தியவர்கள் கிடையாது என்று அக்கா பெருமையாகச் சொல்வாள்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொன்னது அக்காவுக்குத் தெரியும். சொட்டு மருந்து விட்டுக்கொண்டால் சரியாகிவிடும் என்று அவள் நினைத்தாள். மருந்து இனிமேல் போவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், போனதைத் திருப்பித் தராது என்பதை என்னிடம் மட்டும்தான் அவர் சொன்னார்.

"பக்கவாட்டுல எல்லாம் மூடிண்டே வரதுடா. நேரே வெச்சாத் தெரியறது. குழாய் வழியாப் பாக்கற மாதிரி. நேத்திக்கு மார்க்கெட்டுல ஒரு எருமை என் தோளை உரசிண்டு போறது, அதுக்கப்புறந்தான் எனக்குத் தெரியறது எருமைன்னு."

"எருமைக்கு உங்களைத் தெரிஞ்சுதே, அது போறும்" என்றேன். சிரித்தார். அப்படிப் பேசித்தான் எங்களுக்குப் பழக்கம்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது விமானப் பேச்சை எடுத்தார். சின்ன வயதிலிருந்தே அவருக்கு அதில் பைத்தியம். பழைய சஞ்சிகை ஒன்றில் வந்த வரைபடத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார். இரண்டு இறக்கை, ஒன்றின்மேல் ஒன்றாக. பெட்ரோலில் ஓடும் எஞ்சின். தரையில் நின்று ரேடியோவால் ஓட்டுவது.

"இரட்டை இறக்கைதான் வேணும். அதுதான் மெதுவாப் பறக்கும். மெதுவாப் போனாத்தான் நான் பாக்க முடியும். கட்டறது நான் கட்டிடுவேன். ஓட்டறதுக்கு எனக்குக் கண்ணு காணாது. நீ காலேஜ்ல என்.சி.சி. ஏர் விங்ல மாடல் பிளேன் எல்லாம் ஓட்டினவனாமே?"

"ஓட்டியிருக்கேன்."

"பரிசு வாங்கினானே" என்றாள் அக்கா, சமையலறையிலிருந்து. "வெள்ளிக் கப்பு. அம்மா அதுல விபூதி போட்டு வெச்சிருந்தா."

"அப்போ கவலையே இல்லை" என்றார் அத்திம்பேர்.

நான் காலேஜில் ஓட்டியது கம்பி விமானம். இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகளின் ஒரு முனையில் விமானம், மறுமுனையில் கைப்பிடி. நடுவில் நின்று நாம் சுற்ற, அது நம்மைச் சுற்றும். ஏற்றலாம், இறக்கலாம், அவ்வளவுதான். திரும்புவது என்பதே அதில் கிடையாது. கம்பி அறுந்தாலொழிய அது எங்கும் போகாது. ரேடியோ விமானம் முற்றிலும் வேறு. அது நம்மை விட்டு விலகிப் போகும்போது வலது வலதாகவே இருக்கும். நம்மை நோக்கித் திரும்பி வரும்போது வலது இடதாகிவிடும். அந்த மாற்றத்தைக் கை தானாகச் செய்யப் பழக வேண்டும், யோசித்துச் செய்ய நேரமிருக்காது. இந்த வித்தியாசத்தை ஒரே வாக்கியத்தில் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். சொல்லவில்லை. அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அடுத்த வாரம் போனபோது அவர் மரம் வாங்கிவிட்டிருந்தார்.

அலுவலகத்தில் கழித்துவிட்ட ஆளுயர வரைபலகை ஒன்றை வாங்கிவந்து ஹாலில் படுக்கப்போட்டார். அதன்மேல் வரைபடத்தை விரித்து, பால்சா மரத்தில் இறக்கையின் விலா எலும்புகளை ஒவ்வொன்றாக வெட்டி, குண்டூசி குத்தி நிறுத்தி ஒட்டினார். பஞ்சு மாதிரி எடை இல்லாத மரம் அது. வெட்டும்போது தலையை அசைக்கவே மாட்டார். கத்தியையும் மரத்தையும் தன் குழாய்ப் பார்வைக்குள் கொண்டுவந்து வைத்துக்கொள்வார். நாங்கள் சோபாவில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். பீரோமேல் ஒரு எலும்புக்கூடு, பால்கனிக் கம்பியில் ஒரு எலும்புக்கூடு என்று அக்கா அலுத்துக்கொண்டாள். வருகிறவர்களிடம், "இது வீடா, ஆஸ்பத்திரி பிணக்கிடங்கா, நீங்களே சொல்லுங்கோ" என்பாள். ஆனால் தூசி தட்டும்போது ஒரு விலா உடைந்ததில்லை.

ஒவ்வொரு தடவையும் அந்த வீட்டுப் படியைப் பயந்துகொண்டே ஏறினேன். கீழ் இறக்கை முடிந்ததா, வால் முடிந்ததா என்று உள்ளே போனதும் கண் தேடும். முடிந்திருந்தால் நாள் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அவர் அதை என் ஆர்வம் என்று நினைத்தார்.

விமானத்தை ஓட்டும் ரேடியோ பெட்டி, கப்பலில் வேலை பார்த்த ஒருவர் மூலம் சிங்கப்பூரிலிருந்து வந்தது. அதை வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும். மனுவில் கையெழுத்துப் போட்டது நான். லைசென்ஸ் வராமல் போகட்டும் என்று மாட்டுங்காவில் கோவிலைத் தாண்டும்போதெல்லாம் வேண்டிக்கொண்டேன். பெரியவனாக வளர்ந்த, படித்த ஒருவன் கடவுளிடம் கேட்கிற வரமா அது? லைசென்ஸ் வந்துவிட்டது.

எஞ்சினுக்குத் தாராவிக்குப் போனோம். பொம்மை விமானத்துக்கென்று வரும் எஞ்சின்கள் தனி எண்ணெயில் ஓடுபவை. அது பம்பாயில் லேசில் கிடைக்காது. பெட்ரோல் எஞ்சின் என்றால் எந்தப் பெட்ரோல் பங்க்கிலும் போட்டுக்கொள்ளலாம். தொண்ணூறடி ரோட்டுக்கு உள்ளே ஒரு சந்தில் மருந்து தெளிக்கும் பம்பு, ஜெனரேட்டர் எல்லாம் பழுது பார்க்கும் பட்டறை இருந்தது. அதன் சொந்தக்காரர் தென்காசிப் பக்கத்து முஸ்லிம். நாங்கள் பாய் என்று கூப்பிட்டோம். பெருத்த உடம்பு, அதைவிடப் பெருத்த பேச்சு. மரம் அறுக்கும் இயந்திரத்திலிருந்து கழற்றிய ஒரு எஞ்சினைக் கடைந்து எடையைக் குறைத்து, முன்னால் மரக் காற்றாடி மாட்டி, மேஜையில் இறுக்கி ஓட்டிக் காட்டினார். சந்தில் இருந்த அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

"இத மாட்டினா பிளேன் என்ன சாமி, ஒங்க பில்டிங்கே பறக்கும்" என்றார் அத்திம்பேரிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஓட்டுதது சார்தானா? எங்க ஓட்டிப் பழகுனிய?"

"காலேஜ்ல."

"இவ்ளோ பெருசயா?"

"சின்னதுதான்."

"எல்லாம் சைக்கிள் மாதிரிதான் பாய், மறக்காது" என்றார் அத்திம்பேர். பாய் என்னைப் பார்த்துக்கொண்டே கையைத் துடைத்தார். பாக்கெட்டிலிருந்து ஒரு பாக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

பழகாமலும் நான் இல்லை. எங்கள் கட்டட மொட்டைமாடியில் மாலையில் ரேடியோ பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஒரு காகித விமானம் எதிரே வருவதாகக் கற்பனை செய்து இடம், வலம் என்று பெட்டியின் குச்சியைத் தள்ளுவேன். துணி உலர்த்த வந்த பெண்கள், நான் ஏதோ டிரான்சிஸ்டர் ரிப்பேர் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். கற்பனை விமானம் நான் நினைத்த பக்கம்தான் போகும். அதனால் எந்தப் பிரயோசனமும் இல்லை.

ஏப்ரல் கடைசியில் விமானம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. மெல்லிய பட்டுத் துணியை இறக்கைகளின்மேல் இழுத்து ஒட்டி, டோப் என்கிற வார்னிஷைப் பூசியிருந்தார். அது காயக் காயத் துணி மேளத்தோல் மாதிரி இறுகும். வீடு முழுக்கக் கனிந்த வாழைப்பழ வாசனை. எல்லா இறக்கைகளும் சிவப்பு. வானத்தில் தனக்குச் சுலபமாகத் தெரிகிற நிறம் அதுதான் என்று பட்டங்களைப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தார். அந்த நாட்களில் அவருக்குப் பட்டம் தெரிந்தது. பால்கனியில் நின்று கொஞ்சம் தேடுவார். "அதோ" என்று கை நீட்டுவார். சரியாக இருக்கும்.

மே மாதம் மழைக்கு முன்னால் பறக்கவிட்டுவிடலாம் என்றார். விக்ரோலிக்குக் கிழக்கே உப்பளத்தை ஒட்டிக் காய்ந்த சேற்றுத் தரை இருக்கிறது, பாய் டெம்போ தருகிறார். இனி இறக்கைகள் கோணாமல் இருக்கின்றனவா என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும்.

அதற்கு வழி இது. இறக்கையை வரைபலகையில் கிடத்த வேண்டும். ஒருவர் ஒரு முனையைப் பலகையோடு பலகையாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றவர் மறுமுனைக்குப் போய், அதன் பின்மூலை பலகையைத் தொடுகிறதா, தூக்கி நிற்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்க்க வேண்டும். தூக்கி நின்றால் இறக்கை முறுக்கிக்கொண்டிருக்கிறது. முறுக்கிய இறக்கை ஒரு பக்கமாகவே சாயும்.

கீழ் இறக்கை சரியாக இருந்தது. மேல் இறக்கையை அவர் பிடித்துக்கொண்டார். நான் மறுமுனையில் குனிந்தேன். பின்மூலை பலகையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அடியில் ஒரு காகிதம்கூட நுழையாது. சரியாக இருக்கிறது என்று சொன்னால் அடுத்த ஞாயிறு விக்ரோலி.

"மூணு மில்லிமீட்டர் தூக்கிண்டிருக்கு" என்றேன்.

அவர் தன் முனையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "இருக்காதேடா" என்றார். "கைக்குத் தெரியலையே."

"ஸ்கேல் சொல்றது."

"நீ இங்க வந்து பிடி. நான் பாக்கறேன்."

இடம் மாறினோம். அவர் மறுமுனையில் மண்டியிட்டு, கன்னத்தைப் பலகையில் வைத்து, பின்மூலையை நேருக்கு நேர் பார்த்தார். நான் என் முனையைப் பிடித்தேன். இறக்கையின் முன்விளிம்பு வளைவானது, பலகையில் படியாமல் சற்று மேலே நிற்கும். அதன்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். பால்சா இறக்கை லேசாகப் புரண்டு கொடுத்தது. அவர் எதிரே பின்மூலை மெல்ல எழும்பி நின்றது. கண் நன்றாக இருக்கிறவர் என்றால் அழுத்துகிற என் கையை ஓரக்கண்ணால் பார்த்திருப்பார். அவருக்கு ஓரக்கண் இல்லை. அது எனக்குத் தெரிந்தே இருந்தது.

"ஆமாம்" என்றார். ஸ்கேலை வைத்தார். "மூணுதான்."

எழுந்து சோபாவில் உட்கார்ந்தார். வாழ்க்கையில் அவர் போட்ட ஒரு கோட்டைத் திருத்தச் சொல்லி யாரும் திருப்பி அனுப்பியதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார்.

"அப்படியே பறக்கவிட்டா என்ன ஆகும்?" என்று அக்கா கேட்டாள்.

"ஒரு பக்கமா இழுக்கும். இவனுக்குக் கஷ்டம். போடற உழைப்பைப் போட்டாச்சு, இவனைப் போய்க் கஷ்டப்படுத்தணுமா?"

அன்றைக்கே பட்டுத் துணியைக் கிழிக்க ஆரம்பித்தார்.

பின்விளிம்பை அறுத்து, விலாக்களை மறுபடி வெட்டி ஒட்டிப் புதுத் துணி போர்த்துவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஈரக் காற்றில் டோப் பூசினால் பால் ஊற்றினாற்போல வெளுத்துப்போகும், துணியும் இறுகாது. ஜூலையில் ஒரு தடவை அவசரப்பட்டுப் பூசினார். வெளுத்தது. மறுபடி உரித்தார். மழை நிற்கும்வரை காத்திருப்பதைத் தவிர வழி இல்லை என்று ஆயிற்று. எனக்கு அந்த மழைக்காலம் முழுக்க நிம்மதி. தண்டவாளத்தில் தண்ணீர் நின்று வண்டி ஓடாத நாட்களில்கூட நிம்மதி. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் அப்படித்தான் இருந்தேன்.

அவருக்கு அந்த மாதங்களில் குழாய் இன்னும் குறுகியது. தம்ளர் எதிரே இருக்கும், பக்கத்தில் தடவுவார். அலுவலகத்தில் வரைபடத்தின் ஒரு மூலையைப் பார்த்தால் மறுமூலை இல்லை என்பதால் ஸ்டோர்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். அக்காவுக்கும் புரிந்துவிட்டது. அவள் அழுது நான் பார்க்கவில்லை. சொட்டு மருந்து விடும்போது அவர் தாடையை முன்பைவிட இறுக்கமாகப் பிடித்தாள். தீபாவளி சமயத்தில் பால்கனியில் நின்று, "பட்டம் ஏதாவது விடறாளா?" என்று கேட்டார். எதிர்க் கட்டடத்துக்கு மேலே மூன்று நான்கு பறந்துகொண்டிருந்தன. நான் இல்லை என்று சொல்வதற்குள் அக்கா, "இல்லையே" என்று சொல்லிவிட்டாள்.

டிசம்பரில் விமானம் தயாரானது. எஞ்சினைப் பொருத்த வீட்டுக்கு வந்த பாய், படி இறங்கும்போது என்னைக் கீழே நிறுத்தினார்.

"சார், தப்பா நெனைக்காதிய. ஞாயித்துக்கெழம இது மாதிரி பிளேன் ஓட்டுத கூட்டம் ஒண்ணு இருக்கு. ஒருத்தன் எங்கிட்ட எஞ்சின் ரிப்பேருக்கு வருவான், நல்ல பய. ஒரு வார்த்த சொன்னா வந்துருவான். மொத தடவ அவன் ஓட்டட்டும். சாமி கண்ணுக்குக் காட்டணும்லா, வேற என்ன?"

"ஏன், என்மேல நம்பிக்கை இல்லையா?"

"நம்பிக்கைய விடுங்க. சாமிக்கு இன்னொரு தடவ பாக்கக் கண்ணு இருக்காதுன்னு சொல்லுதேன்."

"பாய், இது எங்க வீட்டு விஷயம்" என்றேன்.

அவர் கையை விரித்துவிட்டு டெம்போவில் ஏறினார். நல்ல விமானி ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருந்தார். கூப்பிட்டால், அத்திம்பேர் முன்னால் அவர் என்னிடம் நாலு கேள்வி கேட்பார். அதற்குப் பயந்து வேண்டாம் என்றேன்.

உப்பளத் தரையில் காலைக் காற்று அதிகமில்லை. சேறு பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்திருந்தது. தூரத்தில் உப்புக் குவியல்கள், அதற்கப்பால் அலையாத்திக் காடு, அதற்கப்பால் உப்பங்கழி; இடது பக்கத்தில் மட்டும் காடு அருகிலேயே வந்திருந்தது. நாங்கள் மூன்று பேர்தான். அக்கா வரவில்லை. சமைத்து வைக்கிறேன், வந்து சொல்லுங்கோ என்றுவிட்டாள்.

அத்திம்பேர் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார். டெம்போவிலிருந்து ஒரு மூங்கில் கம்பை எடுத்து, எதிரே கொஞ்ச தூரத்தில் பாயை நடச்சொன்னார். உச்சியில் வெள்ளைத் துணி. பிறகு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, தலையை முன்னும் பின்னும் நகர்த்தி அந்தத் துணியைத் தேடிப் பிடித்தார்.

"கேளு. வானத்துல நான் அதைத் தேடிண்டிருக்க முடியாது. தேடறதுக்குள்ள போயிடும். நான் இந்தக் கம்பு நுனியையே பாத்துண்டிருக்கேன். தலையைத் திருப்ப மாட்டேன். நீ அதைக் கம்புக்கு மேலே கொண்டு வந்து இந்தப் பக்கமா தாண்ட விடு. மெதுவா. ஒரு தடவை போறும். அப்புறம் நீ எங்க வேணா ஓட்டிக்கோ."

"சரி அத்திம்பேர்."

"ஜாஸ்தி உயரம் வேண்டாம். கம்புக்கு ஒரு ஆள் உயரம் மேலே."

நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்கு அது சாதாரண வேலை.

பாய் தோல் கையுறை போட்டுக்கொண்டு காற்றாடியைச் சுண்டினார். முதலில் இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. ஆழ்ந்த சத்தம். உப்பளத்துக் கொக்குகள் எழும்பின. நான் குச்சியைத் தள்ளினேன். சிவப்பு விமானம் சேற்றில் தட்டுத் தடுமாறி ஓடி, எதிர்பார்த்ததற்கு முன்பே தரையை விட்டது. அதைக் கிளப்பியது என் திறமையில்லை. அவர் கட்டிய கட்டு அப்படி. தானாகவே எழுந்தது.

"போயிடுத்தா?" என்றார் கம்பைப் பார்த்துக்கொண்டே.

"மேலே போயிடுத்து."

"நேரா போறதா?"

"நேரா போறது."

இழுப்பு இல்லை, சாய்வு இல்லை. குச்சியை விட்டால்கூடத் தன் பாட்டில் போகும். தூரத்தில் திருப்பினேன். திரும்பியது. இப்போது அது என்னை நோக்கி வந்தது. கம்பு எனக்கும் அதற்கும் நடுவில். கொஞ்சம் வலது பக்கம் விலகியிருந்தது, இடதுக்குத் தள்ள வேண்டும் என்று நினைத்துத் தள்ளினேன், இன்னும் விலகியது. பயந்துபோய் மேலே ஏற்றினேன். கம்புக்கு எங்கோ மேலே, பக்கவாட்டில் கடந்தது.

"சத்தம் தலைக்கு மேல கேக்கறதே" என்றார். அவர் கண் கம்பு நுனியிலேயே இருந்தது. இமைக்கவில்லை. கண்ணில் நீர் கோத்து வழிந்தது. துடைக்கக் கையை எடுக்கவில்லை. எடுத்தால் கை மறைத்துவிடும்.

"அடுத்த சுத்துல."

அடுத்த சுற்றில் இன்னும் தள்ளிப் போனது. பாய் என் பின்னால் வந்து நின்றார். இறக்கிவிடலாமா என்று நினைத்தேன். இறக்குவதற்கும் அதை என்னை நோக்கித்தான் கொண்டுவர வேண்டும்.

"டேய், தயவு பண்ணி ஒரு தடவை" என்றார் அத்திம்பேர். என்னிடம் அவர் தயவு என்ற சொல்லைச் சொன்னதே இல்லை.

மூன்றாம் தடவை கீழே கொண்டுவந்தேன். உயரம் சரியாக இருந்தது. வெள்ளைத் துணிக்கு நேர் பின்னால் சிவப்பு இறக்கைகள் தெரிந்தன. இன்னும் கொஞ்சம் வந்தால் போதும். அப்போது ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தது. நான் நிமிர்த்தினேன். நிமிர்த்துவதாக நினைத்துத் தவறான பக்கம் தள்ளினேன். இன்னும் சாய்ந்தது. இன்னும் தள்ளினேன். கம்புக்கு எட்டாமல் இடது பக்கம் புரண்டு, எஞ்சின் அலற, அலையாத்திக் காட்டுக்குள் போய் விழுந்தது.

சத்தம் நின்றது. கொக்குகள் மட்டும் சுற்றின.

அத்திம்பேர் கம்பு நுனியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எஞ்சினை நிறுத்தி மிதக்கவிட்டு வருகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். முகத்தில் இன்னும் எதிர்பார்ப்பு இருந்தது. எவ்வளவு நேரம் அவரை அப்படிப் பார்க்கவிட்டேன் என்று தெரியவில்லை. நான்தான் சொல்ல வேண்டும்.

"வரதா?" என்றார்.

"போச்சு அத்திம்பேர். விழுந்துடுத்து."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

தலையை இடது பக்கம் திருப்பினார். அங்கே என்ன தெரிந்திருக்கும். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பாயும் நானும் முழங்கால் சேற்றில் இறங்கி எடுத்துவந்தோம். கீழ் இறக்கை தூள். எஞ்சின் சேற்றில் புதைந்திருந்தது. மேல் இறக்கை முழுதாக, ஒரு கிழிசல்கூட இல்லாமல், கிளைகளுக்குள் செருகிக் கிடந்தது. அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே பாய் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நீங்க இதுக்கு முன்ன இத ஓட்டுனதே இல்ல. அப்படித்தான?"

நான் கிளைகளை விலக்கிக்கொண்டிருந்தேன்.

"நான் சொல்ல மாட்டேன். அது நீங்க சொல்ல வேண்டியது. இன்னிக்கே சொல்லிருங்க சார். நாளைக்குன்னு வெச்சா வாராது."

டெம்போவில் சொல்லலாம் என்று இருந்தேன். அத்திம்பேர் முன்னால் உட்கார்ந்து, எஞ்சின் சத்தம் எவ்வளவு சீராக இருந்தது என்று பாயைப் பாராட்டிக்கொண்டு வந்தார். பாய் வழியெல்லாம் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டினார்.

வீட்டில் அக்கா கதவைத் திறந்ததும் எங்கள் காலில் இருந்த சேற்றைப் பார்த்தாள். "பறந்துதா?"

"அமர்க்களமாப் பறந்தது" என்றார்.

"பாத்தேளா?"

செருப்பைக் கழற்றக் குனிந்தார். ஒரு கையால் சுவரைத் தடவிப் பிடித்துக்கொண்டார். "உன் தம்பி பாத்தான்" என்றார்.

அடுத்த மழைக்குள் பார்வை முழுதாகப் போய்விட்டது. அதற்குப் பிறகும் நிறைய வருஷம் இருந்தார். வீட்டுக்கு யாராவது வந்தால் விமானக் கதையைச் சொல்லச் சொல்வார். நான்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் பார்த்தவன் நான். நானும் சொன்னேன். சேற்றில் ஓடியது, எழும்பியது, வெயிலில் சிவப்பு எப்படி மின்னியது என்று. முடிக்கும்போது அவர் குறுக்கிட்டு ஒன்று சேர்ப்பார். அதை எல்லாரிடமும் சேர்த்தார். கேட்பவர்கள் சிரிக்கும்படி, தன்னையே கிண்டல் செய்துகொண்டு சொல்வார்.

"தப்பு இவன்மேல இல்லை. மே மாசமே பறந்திருக்க வேண்டியது. அப்போ எனக்குப் பட்டமே தெரியும். கம்பு நட்டிருக்க வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், வானத்துல எங்க போனாலும் பாத்திருப்பேன். இவனுக்கும் சர்க்கஸ் பண்ற வேலை இருந்திருக்காது. நான்தான் மேல் இறக்கையைக் கோணலாக் கட்டித் தொலைச்சேன். மூணு மில்லிமீட்டர். இத்தனை வருஷ சர்வீஸ்ல அந்த ஒரு தடவை."

பாய் ஊருக்குப் போய் அங்கேயே இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். கட்டைவிரல் விஷயம் அவருக்கும் தெரியாது. அது எனக்கு மட்டும் தெரிந்தது.

கடைசியாக அத்திம்பேர் படுத்துவிட்டபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அக்கா வெந்நீர் வைக்கப் போயிருந்தாள். என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு மறுபடி அதையே சொன்னார். இந்தத் தடவை கிண்டல் இல்லை. உனக்கு ரொம்பக் கஷ்டம் கொடுத்துட்டேன், முதல்லயே சரியாக் கட்டியிருக்கணும், அன்னிக்கு விழுந்ததுக்கு நீ இத்தனை வருஷமா மனசுல வெச்சுண்டு மருகறே, எனக்குத் தெரியும் என்றார்.

நீங்கள் சரியாகத்தான் கட்டினீர்கள் என்று சொல்ல வேண்டிய இடம் அது. சொன்னால் ஏன் என்று கேட்பார்.

"விடுங்கோ அத்திம்பேர்" என்றேன். "யாருக்கும் வர தப்புதானே."

அவர் முகம் தெளிந்தது. கையை ஒரு தடவை அழுத்திவிட்டு விட்டார். அவர் செய்யாத தவறுக்கு நான் அவரை மன்னித்துவிட்டேன்.